வீட்டிலேயே படிக்க வைக்கலாமா? ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன் போட்ட கணக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் தங்கச்சி கடைக்கு வந்தாள். ஜெராக்ஸ் மிஷின் மேலேயே போனைச் சாய்த்து வைத்து ஒரு வீடியோவை ஓடவிட்டாள். ஈ.சி.ஆர். பக்கம் ஒரு பெரிய வீடு. மாமரத்தடியில் பாய் விரித்து இரண்டு பிள்ளைகள், கையில் மண்புழுவை வைத்துக்கொண்டு இங்கிலீஷில் விளக்கம் சொல்கிறார்கள். அம்மாக்காரி சிரித்துக்கொண்டே பக்கத்தில் நிற்கிறார்.

"ஸ்கூலுக்கே அனுப்பறது இல்லையாம்ணா. எல்லாம் வூட்லயே சொல்லிக் குடுக்கறாங்களாம். நாமளும் அப்டி செஞ்சா இன்னா?"

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவள் பொண்ணு நாலாவது, பையன் எட்டாவது. இரண்டு பேரும் படிப்பது ஒரு தனியார் பள்ளி. மூன்றாம் தவணை ஃபீஸ் பத்து நாள் தள்ளிப்போனது என்று பொண்ணை ஒரு பீரியட் முழுக்க வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறார்கள். ஒன்பது வயசுக் குழந்தை அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை. அதற்கப்புறம் எந்தத் தாய்க்கும் மாமரமும் மண்புழுவும் நன்றாகத்தான் தெரியும்.

நான் வடசென்னையில், தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது பெயருக்குத்தான். பாதி வேலை ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது: கல்லூரி அட்மிஷன், டி.என்.பி.எஸ்.சி., பாஸ்போர்ட், ஸ்காலர்ஷிப், ஐ.சி.எஃப். எனும் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் அப்ரண்டிஸ் பயிற்சி. படிப்பு எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது. படித்து முடித்தவர்கள் பதினெட்டு வயசில் எந்தக் கட்டத்தில் மாட்டிக்கொண்டு விழிக்கிறார்கள் என்பது நன்றாகத் தெரியும். அந்த இடத்திலிருந்துதான் இந்தக் கணக்கைப் போடுகிறேன்.

முதலில் சட்டம். 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆறு முதல் பதினாலு வயசு வரைக்கும் அது பேசுகிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று எழுதியிருக்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. வீட்டுக்கல்வியை அனுமதித்து ஒரு வரி இல்லை, தடுத்தும் ஒரு வரி இல்லை. ஆக, போலீஸ் வராது. ஆனால் பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க டீச்சர்கள் வீடு வீடாக வருவார்கள். அவர்களிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இன்னொன்றும் இந்தச் சட்டத்தில் இருக்கிறது. எப்போதாவது மனம் மாறினால், பதினாலு வயசுக்குள் பிள்ளையை அந்த வயசுக்கான வகுப்பிலேயே அரசுப் பள்ளியில் சேர்க்கலாம். வயசுச் சான்று இல்லை, டி.சி. வர லேட்டாகிறது என்று திருப்பி அனுப்ப முடியாது. திரும்பி வர ஒரு கதவு திறந்தே இருக்கிறது என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்தது பணம். இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டு பிள்ளைக்கும் வருடத்துக்கு 68,000 ரூபாய் ஃபீஸ். தங்கச்சி மிண்ட் பக்கம் ஒரு மொத்தக் கடையில் பில் போடுகிறாள், மாதம் 14,000. வீட்டில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டுமென்றால் அந்த வேலையை விட வேண்டும். வருடத்துக்கு 1,68,000 போகும், 68,000 மிச்சமாகும். சரியாக ஒரு லட்சம் நஷ்டம். ஃபீஸ் கட்ட முடியவில்லை என்று வீட்டுக்கல்விக்குப் போவது, பஸ்ஸுக்குக் காசில்லை என்று ஆட்டோ பிடிப்பது மாதிரி. மச்சான் டிரெய்லர் ஓட்டுகிறார். துறைமுக கேட்டில் வண்டி க்யூவில் நின்றால் வீட்டுக்கு எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. அவரை வாத்தியார் லிஸ்ட்டில் சேர்க்க முடியாது.

நிஜமான கேள்வி, வீட்டில் யார் இருப்பார், எங்கே உட்காருவார் என்பதுதான். நாம் யாரும் வீட்டுக்கல்வியைப் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். ஒன்று முதல் எட்டு வரை திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. ஒன்றரை வருஷத்துக்கு மேல் வடசென்னை முழுக்க வீட்டில் வைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். கல்வித் தொலைக்காட்சி ஓடியது, வாட்ஸப்பில் பாடம் வந்தது. எங்கள் தெருவில் ஒரே போனை மூன்று பிள்ளைகள் பங்கு போட்டார்கள். ஒற்றை அறை, ஒரு பக்கம் குக்கர் விசில், ஒரு பக்கம் பாட்டி இருமல், வாசலில் தண்ணி லாரிக்குக் குடம் வைக்கும் சண்டை. தானே புத்தகம் எடுத்துப் படிக்கும் பிள்ளை அந்தக் காலத்திலும் படித்தது. மற்றவர்களுக்காகத்தான், தன்னார்வலர்கள் மாலையில் வீட்டுப் பக்கமே வந்து சொல்லிக் கொடுக்கும் இல்லம் தேடிக் கல்வியை 2021 அக்டோபரில் தொடங்கினார்கள்.

அந்த ஒன்றரை வருஷத்தில் நான் கண்ட இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. பையன் வீட்டில் இருந்தால் தெருவில் இருப்பான். பொண்ணு வீட்டில் இருந்தால் அடுப்படியில் இருப்பாள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. "சும்மாதானே இருக்கே, அந்தத் தண்ணியைக் கொஞ்சம் புடி." "தம்பியைப் பாத்துக்க, இதோ வந்துர்றேன்." இப்படியே காலை பத்து மணி, பன்னிரண்டாகும். பொண்ணை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கப் போகிறேன் என்று எங்கள் பகுதியில் யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, தண்ணி பிடிப்பது யார் என்றுதான். ஈ.சி.ஆர். வீட்டில் அதற்கு மோட்டார் இருக்கிறது.

இனி சான்றிதழ் விஷயம். இங்கேதான் என் கடைக்கு வருகிறவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த வருடம் இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் என்று விரிவானது. அந்த ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தால் ஃபீஸை அரசே கட்டுகிறது. மாநகராட்சிப் பள்ளியும் இதில் சேர்த்தி. பெண் பிள்ளைகள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய். 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி அதைத் தொடங்கியதே நம்ம பாரதி மகளிர் கல்லூரியில்தான். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-இல் வந்தது. அரசு வேலையில் தமிழ்வழிப் படித்தவர்களுக்கு 20 சதவீதம் இருக்கிறது. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்ததாகப் பள்ளியில் சான்று வாங்க வேண்டும்.

விண்ணப்பத்தில் இது எப்படி வரும் தெரியுமா? ஆறாம் வகுப்பு, பள்ளியின் பெயர், மாவட்டம், வருடம். ஏழாம் வகுப்பு, பள்ளியின் பெயர், மாவட்டம், வருடம். இப்படியே பன்னிரண்டு வரை ஏழு வரிசை. கூடவே ஒவ்வொரு தலைமை ஆசிரியரிடமும் கையெழுத்து வாங்கிய போனஃபைடு, அதாவது இங்கே படித்தார் என்ற சான்று. நடுவில் ஒரே ஒரு வருடம் ஃபீஸ் கட்டித் தனியாரில் படித்திருந்தால்கூட அந்தப் பிள்ளை பட்டியலில் இல்லை. "ஒரு வருஷந்தாண்ணே, சொந்தக்காரங்க ஊருக்குப் போயிருந்தோம்" என்று அழாத குறையாகக் கெஞ்சிய ஒரு அப்பாவுக்கு நான் டீ வாங்கிக் கொடுத்தேன். வேறென்ன செய்வது? வீட்டில் படித்த பிள்ளைக்கு ஏழு வரிசையும் காலி.

அப்படியானால் வீட்டுக்கல்வியே கூடாதா என்றால், நான் அப்படிச் சொல்லவில்லை. மேலே சொன்ன சலுகைகள் பெரும்பாலும் ஆறாம் வகுப்பில்தான் தொடங்குகின்றன. திரும்பிவரும் கதவோ பதினாலு வரை திறந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தனியார் ஆங்கிலவழியில் படிக்கும் ஒரு பிள்ளையை மூன்றாம், நாலாம், ஐந்தாம் வகுப்பில் நிறுத்தி ஒரு வருடம் வீட்டில் சொல்லிக் கொடுத்துப் பார்ப்பதில் சான்றிதழ் நஷ்டம் அநேகமாக இல்லை. தமிழ்வழி 20 சதவீதம் எப்படியும் அந்தப் பிள்ளைக்குப் போய்விட்டது. சரிப்படவில்லையென்றால் ஆறில் மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்துவிட்டால் ஏழு வரிசையும் நிரம்பிவிடும். ஆறைத் தாண்டிய பிறகு முயன்று பார்த்தால்தான் விலை ஏறுகிறது. ஒன்பதாம் வகுப்பில் நிறுத்துகிறவர்கள் நிறையக் கொடுக்க வேண்டிவரும். ஆனால் நடப்பது நேர்த் தலைகீழ். சின்ன வகுப்பில் எல்லாரும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஒன்பதாவதில் பிள்ளை முரண்டு பிடிக்கும்போதுதான் 'வீட்லயே படிக்கட்டும்' என்கிறார்கள்.

சரி, வீட்டிலேயே இருந்து பத்தாம் வகுப்புச் சான்று வாங்க இரண்டு முக்கியமான வழி உண்டு. (வெளிநாட்டு போர்டு தேர்வும் இருக்கிறது. அதன் ஃபீஸைக் கேட்டால் நம் ஊரில் பேச்சு நின்றுவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன்.)

ஒன்று, மாநில வாரியத்தில் தனித்தேர்வர். பதினாலரை வயசு முடிந்திருந்தால் நேரடியாகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் அதே புத்தகம், அதே வினாத்தாள். புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தெருவில் எந்த ட்யூஷன் அக்காவிடம் அனுப்பினாலும் சொல்லிக் கொடுப்பார், அது பெரிய வசதி. அறிவியல் செய்முறைக்கு மட்டும் தனியாகப் பதிவு செய்து, ஒதுக்கிய பள்ளிக்குப் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். இதை மறந்துவிட்டு எழுத்துத் தேர்வுக்கு மட்டும் அப்ளை பண்ண வருகிறவர்கள் உண்டு.

இன்னொன்று, என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 1989 முதல் இருக்கிறது. பத்துக்கு பதினாலு வயசு போதும். ஐந்து பாடம் எடுத்தால் போதும், வருடத்துக்கு இரண்டு முறை பொதுத் தேர்வு. ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொன்றாக எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். விளையாட்டு, நடனம் என்று ஓடும் பிள்ளைக்கும், பரீட்சை என்றாலே கை நடுங்கும் பிள்ளைக்கும் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. நீட் எழுதவும் திறந்தநிலைப் பள்ளிச் சான்று செல்லும் என்று பல வருட வழக்குக்குப் பின் முடிவாகிவிட்டது.

இதில் ஒரு குழி இருக்கிறது. பாடத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பதால், எளிதாக இருக்கட்டும் என்று ஓவியம், மனையியல், டேட்டா என்ட்ரி என்று போட்டுவிடுகிறார்கள். பாஸாகிவிடும். ஆனால் பாலிடெக்னிக்கில் சேர பத்தில் கணிதமும் அறிவியலும் கேட்பார்கள். ஐ.சி.எஃப். அப்ரண்டிஸுக்குப் பத்தில் ஐம்பது சதவீதம் வேண்டும். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் மாதிரி டிரேடுக்குக் கணிதம், அறிவியல் படித்திருக்க வேண்டும். கப்பலில் ஜி.பி. ரேட்டிங், அதாவது அடிப்படை மாலுமி வேலைக்குப் போகிறேன் என்று நம்ம பகுதிப் பையன்கள் நிறையப் பேர் வருகிறார்கள், அங்கேயும் அதே கதை. அரசு வேலை என்றால் டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுத்தால்தான் மற்ற தாளையே திருத்துவார்கள். ஆகவே என்.ஐ.ஓ.எஸ். எடுத்தால் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல் நாலையும் போட்டுவிட்டு, ஐந்தாவதை மட்டும் பிள்ளையின் இஷ்டத்துக்கு விடுங்கள். என் கடையில் யார் வந்தாலும் இதைத்தான் டைப் பண்ணுவேன். வேண்டாம் என்றால் காரணம் கேட்பேன்.

எங்கள் பகுதியில் எல்லாருக்கும் பொதுவாக எது என்று கேட்டால் எனக்குத் தனித்தேர்வர் வழிதான் பிடித்திருக்கிறது. சொல்லிக் கொடுக்க ஆள் கிடைப்பதுதான் காரணம். என்.ஐ.ஓ.எஸ்., உண்மையிலேயே வேறொரு வேலையில் முழு மூச்சாக இருக்கும் பிள்ளைக்கு. கேரம் உலகக் கோப்பையில் 2024-இல் மூன்று தங்கம் அள்ளிக்கொண்டு வந்த காசிமா நம்ம பகுதி ஆட்டோ ஓட்டுநரின் மகள். அந்தப் பொண்ணுக்குப் பிறகு எங்கள் தெருவில் கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடர் விற்பனை கூடியிருக்கிறது. பிள்ளை நாலு மணிநேரம் போர்டில் இருக்கிறது, ஸ்கூலை நிறுத்தலாமா என்று இரண்டு பேர் என்னிடமே கேட்டார்கள். மாநில அளவில் ஆடட்டும், பிறகு பேசலாம் என்று அனுப்பினேன்.

இவ்வளவு நேரம் சான்றிதழைப் பற்றியே பேசிவிட்டேன். பெரியவனான பிறகு பிழைக்கத் தெரிய வேண்டுமே, அதைப் பள்ளி சொல்லித் தருகிறதா? தரவில்லை. பி.காம். முடித்த பையன் என் கடைக்கு வந்து, பேங்க் சலானில் தொகையை எழுத்தால் எழுதத் தெரியாமல் நிற்கிறான். இந்த இடத்தில் வீட்டுக்கல்விக்காரர்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அதற்குப் பள்ளியை நிறுத்த வேண்டியதில்லை, சனி, ஞாயிறு போதும்.

தங்கச்சி பொண்ணை நான்கு சனிக்கிழமை கடையில் உட்கார வைத்துப் பார்த்தேன். முதல் வாரம் ஒரு பாட்டிக்குச் சலான் எழுதிக் கொடுத்தாள். 'ரூபாய் ஆயிரத்து ஐநூறு மட்டும்'. அந்த 'மட்டும்' எதற்கு மாமா என்று கேட்டாள். பின்னால் யாராவது சேர்த்து எழுதிவிடக் கூடாது என்பதற்காக என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இலக்கத்துக்குப் பின்னாலும் ஒரு கோடு போட்டாள். சொல்லித் தரவில்லை, தானே போட்டாள். மூன்றாம் வாரம் ஒரு ஆதாரில் இருந்த பிறந்த தேதியும் ரேஷன் கார்டில் இருந்த வயசும் ஒத்துவரவில்லை என்று கண்டுபிடித்தாள்.

நான்காவது வாரம் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனேன். விடியற்காலை ஏலம். சங்கரா ஒரு கூடை எவ்வளவுக்குப் போகிறது, அதே சங்கரா எங்கள் தெருவில் கிலோ என்ன விலை, நடுவில் ஐஸ், ஆட்டோ, கூலி எவ்வளவு என்று அவளையே நோட்டில் எழுதச் சொன்னேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்போது இந்த வீடுகளெல்லாம் எதை வைத்துச் சாப்பிடும் என்று கேட்டாள். மீன் விற்கும் அக்காவே பதில் சொன்னார்: எவ்வளவு சீட்டு கட்டுகிறார், நகை எப்போது அடகுக்குப் போகிறது, எப்போது மீள்கிறது, எல்லாம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பட்ஜெட் பாடம் இருபது நிமிடத்தில் முடிந்தது. அப்புறம் அவள் அம்மாவிடம் போய், நம்ம வீட்டில் மாதம் எவ்வளவு வருகிறது என்று கேட்டிருக்கிறாள். தங்கச்சி கொஞ்சம் திணறிப்போனாள்.

ஒரு எச்சரிக்கை. பதினாலு வயசுக்குட்பட்ட பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்று 2016-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். குடும்பத் தொழிலில் உதவலாம், அதுவும் பள்ளி நேரம் போக, விடுமுறையில். வீட்டுக்கல்வி என்று சொல்லிக்கொண்டு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குப் பிள்ளையைக் கல்லாவில் உட்கார வைத்தால், பார்க்கிறவர்களுக்கு அது வேறு மாதிரிதான் தெரியும். தெரிவதில் தப்பும் இல்லை.

பையன் விஷயம் வேறு. பதிமூன்று வயசு, எட்டாவது. படிப்பு ஏறவில்லை, ஆனால் வீட்டு மிக்சியை மூன்று தடவை பிரித்து மாட்டியிருக்கிறான். அவனை நிறுத்தி ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு, வீட்டில் இருந்தே பத்து எழுத வைக்கலாம் என்பது மச்சான் யோசனை. எட்டு முடித்ததும் ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் எடுக்கலாம், பதினாலு வயசு ஆகியிருந்தால் போதும். வயர்மேன் மாதிரி இரண்டு வருடப் படிப்பு முடித்துவிட்டு, தமிழும் ஆங்கிலமும் தனித்தேர்வராக எழுதினால் பத்துக்கு இணையான சான்றும் வாங்கலாம். கெட்ட வழி இல்லை. இருந்தாலும் பத்தை முடித்துவிட்டுப் போனால் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் கிடைக்கும், அப்ரண்டிஸுக்குப் போடலாம், நாளைக்கு வளைகுடாவுக்குப் போவதென்றாலும் பாஸ்போர்ட்டில் 'வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு அனுமதி வேண்டும்' என்ற குறிப்பின் தொல்லை இல்லை. ஒர்க்‌ஷாப் எங்கேயும் போய்விடாது. பள்ளியை விட்ட பையன் கையில் வாரக்கூலி வந்துவிட்டால், பத்தாம் வகுப்புப் புத்தகத்தை அவன் திரும்பத் தொட்டு நான் பார்த்ததில்லை. இன்னும் இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு அனுப்பச் சொன்னேன். மச்சான் முகம் கொடுக்கவில்லை. அது இன்னும் முடியவில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம்.

பொண்ணு விஷயத்தில் முடிவாகிவிட்டது. ஜூனில் ஐந்தாம் வகுப்புக்கு மாநகராட்சிப் பள்ளி, காலைச் சிற்றுண்டியும் அங்கேயே. தங்கச்சி வேலையை விடவில்லை. மிச்சமாகும் ஃபீஸில் மாலை இங்கிலீஷ் ட்யூஷன், சனிக்கிழமை மாமா கடை. பழைய பள்ளியில் பாக்கியைக் கட்டினால்தான் டி.சி. தருவோம் என்கிறார்கள். டி.சி. தாமதமாவதைக் காட்டி அரசுப் பள்ளியில் சேர்க்கையை மறுக்க முடியாது என்று சட்டப் பிரிவையே பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஆதார், பிறப்புச் சான்று, ரேஷன் கார்டு எல்லாம் இரண்டு இரண்டு காப்பி. உறையின் மேல் பெயர் எழுதியது அவள்தான், இனிஷியலுக்கு அம்மா பெயரையும் சேர்த்து.